மூன்றாம் ஓலை

போன வாரம் பாதர் குடியிருக்கும் பங்கு வீட்டு டெலிபோனை மணியடிக்க விட்டுவிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டேன் என்று பல பேருக்குக் கோபம். மதுரையிலிருந்து ஓர் அம்மா, "உனக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?" என்று எழுதியிருக்கிறார். கிடையாது தாயே. வாரா வாரம் கதை எழுதுகிறவனுக்கு அதெல்லாம் இருந்தால் பிழைப்பு நடக்காது.

இந்த வாரம்தான் நம் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேரில் ஷாதிபூர் மேட்டில் குடியிருக்கும் செல்வம்மாளுக்குக் கல்யாணம். ஐம்பதை எட்டப் போகிற வயசு. பையன் டெர்வின் தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் வேலை பார்க்கிறான். பெண் சோபியா வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். புருஷன் அடைக்கலசாமி எட்டு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவர். படகு திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் சொல்லிவிட்டது, பிஷப்பின் ஆயர் இல்லமும் ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்கப்புறம்தான், கராச்சர்மாவில் போட் எஞ்சின் பட்டறை வைத்திருக்கும் ராஜமாணிக்கம் செல்வம்மாளைப் பெண் கேட்டு வந்தார்.

அவர்களுடைய வேதக் கோயிலில் தாலி ஏறவேண்டுமென்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதர் எல்லோர் முன்னாலும் கேட்பார். இரண்டு ஓலை ஆகிவிட்டது. இன்றைக்கு மூன்றாவது.

டெலிபோனுக்கு வருகிறேன், பொறுங்கள். அதற்கு முன்னால் தண்ணீர்.

ஷாதிபூரில் குழாயில் தண்ணீர் வருகிற நாளைத் திருநாள் மாதிரி கொண்டாடலாம். அந்த வாரம் அதுவும் வரவில்லை. விடிந்ததும் பின்பக்கம் போன செல்வம்மாள், நீல டிரம்மில் ஒரு சொம்புத் தண்ணீராவது தேறுமா என்றுதான் குனிந்தாள். டிரம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. மூடியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு கல் வைத்திருந்தது.

அந்த வீட்டில் மூடியைக் கவிழ்த்துப் போடுகிற பழக்கம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது.

"டெர்வின்! ஏலே டெர்வின்! நீ தண்ணி பிடிச்சியா?"

"கொழாயிலதான் வரலியேம்மா" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தான் அவன்.

"லாரி வந்துச்சோ?"

"ஞாயித்துக்கிழமை எவன் லாரி ஓட்டுறான்?"

சோபியா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர். உப்புக் கரிக்கவில்லை. அப்படியும் அவளுக்குக் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது.

மதில் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ஸ்வப்னா எட்டிப் பார்த்தாள். "டெர்வின் கித்னா அச்சா லட்கா ஹை! அந்தேரே சே பானி டோ ரஹா தா!" என்று சிரித்தாள். எவ்வளவு நல்ல பிள்ளை, இருட்டோடு எழுந்து தண்ணீர் சுமந்தானே என்று அவளுக்குப் பெருமை. கையில் இரண்டு கேனோடு மேட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக ஓர் ஆளை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, முகத்தைப் பாத்தீங்களா?" என்று சோபியா இந்தியில் கேட்டாள்.

முகத்தைப் பார்க்கவில்லையாம். முதுகைத்தான் பார்த்தாளாம். ஆனால் நடையைப் பார்த்தால் தெரியாதா, டெர்வின் நடைதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

டெர்வின் நடை அப்படியே அவன் அப்பா நடை. ஜங்கிளிகாட் மீன் மார்க்கெட்டில் போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள்.

மூன்று பேரும் டிரம்மைச் சுற்றி நின்றார்கள். வானம் காலையிலேயே மப்பாக இருந்தது. கீழே கடல் அசையாமல் கிடந்தது, ஒரு காக்கை சத்தம்கூட இல்லை.

"சரி, தண்ணி வந்துருக்கு. அரிசி களையணும்" என்றாள் செல்வம்மாள்.

"அம்மா, அந்தத் தண்ணியிலயா?"

"வேற தண்ணி வச்சிருக்கியா நீ?"

டெர்வினுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "யம்மா, இது எதுவும் நல்லதுக்கு இல்ல. நான் மொதல்லருந்து சொல்லுதேன், எனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதமில்ல. சாயங்காலம் பூசையில எந்திரிச்சுச் சொல்லத்தான் போறேன்."

"சொல்லு. உனக்குச் சம்மதமில்லங்கது எனக்குத் தெரியும், உன் தங்கச்சிக்குத் தெரியும், இந்த டிரம்முக்கே தெரியும். ஊருக்குந்தான் தெரியட்டுமே."

வாய்தான் அப்படிப் பேசியது. கை அரிசியை மறந்துவிட்டுத் தண்ணீரை மட்டும் அளைந்துகொண்டிருந்தது. சோபியா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மத்தியானம் ராஜமாணிக்கம் வந்தார். ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட் படகுக்கு எஞ்சின் வேலை முடித்துவிட்டு வெள்ளிக்கிழமைதான் திரும்பியிருந்தார். கையில் ஒரு சீலா மீன். எப்போது வந்தாலும் "டைப்பிஸ்ட் அம்மா, நமக்கு ஒரு காப்பி அடிச்சுக் குடு" என்று சோபியாவைச் சீண்டாமல் உள்ளே வரமாட்டார். இன்றைக்கு மீனைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். மனுஷன் ரெண்டு நாளாகத் தூங்காதவர் மாதிரி இருந்தார்.

சோபியா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி குடித்தவர் பின்வாசல் வழியாக டிரம்மைப் பார்த்தார். கவிழ்ந்த மூடியையும் கல்லையும் பார்த்தார்.

"இந்தத் தண்ணி யாரு பிடிச்சது?"

"தெரியல மாமா. காலையில பாத்தா நெறஞ்சிருக்கு."

டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். மிச்சத் தண்ணீரை அவர் குடிக்கவில்லை. அடைக்கலசாமியின் படகு எஞ்சினைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அந்த வீட்டுப் பழக்கம் அவருக்குத் தெரியாததில்லை.

"செல்வம்மா, உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"இனி ஆயுசு பூரா பேசத்தான போறோம்?" என்று அடுப்படியிலிருந்து செல்வம்மாள் சிரித்தாள். "மூணாம் ஓலை அன்னைக்கு மாப்பிள்ளை பொண்ணு வீட்டுல வந்து குந்தியிருந்தா ஊரு என்ன சொல்லும்? கெளம்புங்க. சாயங்காலம் கோயில்ல பாப்போம்."

அம்மா இப்படி வாய்விட்டுச் சிரித்து சோபியா பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. எட்டு வருஷமாகக் கருவாட்டுக் கூடையையும் கடனையும் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காதவள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ராஜமாணிக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் எழுந்தார், சாப்பிடாமல் போய்விட்டார். நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

சரி, டெலிபோன்.

சாப்பாடு முடிந்த கையோடு பாதர் டெர்வினையும் சோபியாவையும் பங்கு வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். பாதருக்கு ராஞ்சிப் பக்கம். தீவுக்கு வந்து மீன்காரப் பெண்களிடம் தமிழ் படித்தவர். அதனால் பிரசங்கம் செய்தாலும் பேரம் பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

"உக்காருங்க மக்களே. டெர்வின், உண்மையைச் சொல்லணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தப் போன்ல பேசினது நீயா?"

"நான் எதுக்குப் போன்ல பேசப் போறேன் பாதர்? சொல்றதா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்."

"ஒரு ஆம்பளை பேசினான். மொதல்ல அலைச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. நான் ஹலோ, ஹலோன்னு கத்தறேன். அப்புறம் 'செல்வம்மா ஓலை விஷயமா'ன்னான். என்ன, ஆப்ஜெக்‌ஷனான்னு கேட்டேன். 'ஆப்ஜெக்‌ஷன் இல்ல பாதர். டிஸ்ப்யூட்'னான். பஸ், அவ்வளவுதான், வெச்சுட்டான்." பாதர் தாடையைச் சொறிந்துகொண்டார். "ரெண்டும் ஒண்ணுதானே? இந்தக் கல்யாணம் பிடிக்கல, அவ்வளவுதானே?"

"இல்ல பாதர்" என்றாள் சோபியா.

அவள் முகம் வெளிறியிருந்தது. டெர்வின் திரும்பிப் பார்த்தான்.

"எங்க ஆபீஸ்ல இது ரெண்டையும் மாத்தி அடிச்சா வக்கீல் சார் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுருவார். பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டுறான்னு வச்சுக்கங்க. எனக்கு வெளிச்சம் மறைக்குது, கட்டாதேன்னு நீங்க சொன்னா அது ஆப்ஜெக்‌ஷன். அவன் கட்டுறது உங்களுக்கு வேண்டாம், அவ்வளவுதான். அந்த நெலமே அவனோடது இல்லன்னு சொன்னா அது டிஸ்ப்யூட். வேணும் வேண்டாங்கிற பேச்சே அதுல கெடையாது. அவன் சொல்ற விஷயமே பொய்யின்னு அர்த்தம்."

"அப்போ அந்த ஆளு கல்யாணம் வேண்டாம்னு சொல்லலியா?" என்றான் டெர்வின்.

"சொல்லல. அவருக்குப் பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னே சொல்லல. பாதர் வாசிக்கிற ஓலையில ஏதோ ஒண்ணு பொய்யின்னு மட்டும் சொல்றார்."

"அதுல பொய் சொல்றதுக்கு என்ன இருக்கு? பேரு, ஊரு, அப்பன் பேரு..."

"வாசிங்க பாதர்" என்றாள் சோபியா. "அம்மா பேர்லருந்து வாசிங்க."

பாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "காலஞ்சென்ற அடைக்கலசாமியின் மனைவியாகிய செல்வம்மாளுக்கும்..." அதோடு நிறுத்திவிட்டார்.

மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. மூலையிலிருந்த அந்தப் பழைய டெலிபோனை மூவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"உங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று பாதர் தணிந்த குரலில் கேட்டார்.

டெர்வின்தான் பதில் சொன்னான். "பேசத் தெரியாது. ஆனா படகுக்காரங்க சங்கத்துல இருந்துச்சு. கரையில வலை காயப்போடுற எடத்துக்காகக் கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் அலைஞ்சுது. 'ஆப்ஜெக்‌ஷன்னு எழுதிக் குடுத்தா பைல்ல படுத்துத் தூங்கும்லே, டிஸ்ப்யூட்னு எழுதுங்கலே, அப்பத்தான் பெரிய ஆபீசர் எந்திரிச்சு வருவான்'னு சங்கத்து ஆளுகளைத் திட்டும். சின்னப் பிள்ளையில நான் கேட்டிருக்கேன்."

"வேற யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியாதா?"

"தெரிஞ்ச ரெண்டு மூணு பேர்ல ஒருத்தி நான்" என்றாள் சோபியா. "நான் போன் பண்ணல."

பாதர் சிலுவை போட்டுக்கொண்டார். "கேட்டுக்க டெர்வின். நீ எந்திரிச்சுப் பிடிக்கலன்னு சொன்னா நான் கேட்டுக்குவேன், உனக்காக ஜெபம் பண்ணுவேன், கல்யாணம் நடக்கும். பிள்ளைக்குப் பிடிக்கலங்கறது தடை இல்ல. ஆனா போன்ல வந்ததை ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கோயில்ல எந்திரிச்சு நின்னு சொன்னாப் போதும். நான் புஸ்தகத்தை மூடித்தான் ஆகணும்."

பங்கு வீட்டிலிருந்து இறங்கும்போது டெர்வின் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயசில் ரோடு தாண்டும்போது பிடித்ததுதான், அதற்கப்புறம் பிடித்ததில்லை.

"சோபி, அப்பா உசுரோட இருக்கணும்னு நான் வேண்டாத நாள் இல்ல. தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணே."

"இப்ப இருந்துருமோன்னு பயமா இருக்கு."

தீவில் பொழுது சீக்கிரம் சாயும். மெயின்லேண்டில் ஜனங்கள் சாயங்காலக் காப்பி குடிக்கிற நேரத்துக்கு இங்கே விளக்கேற்ற வேண்டும். பூசை தொடங்கும்போதே இருட்டிவிட்டது, கரண்டும் போய்விட்டது. பீடத்தில் மெழுகுவர்த்தி மட்டும். காற்றே இல்லை, ஆனாலும் கடல்பக்கத்து ஜன்னல் கதவு ஒன்று அவ்வப்போது அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்ச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை.

செல்வம்மாள் முன்வரிசையில் கரைபோட்ட வெள்ளைப் புடவையில் இருந்தாள், தலையில் முக்காடு. பக்கத்தில் சோபியா. ஆண்கள் பக்கம் டெர்வின், அவனுக்கு இரண்டு வரிசை பின்னால் ராஜமாணிக்கம்.

பிரசங்கம் முடிந்தது. பாதர் புத்தகத்தைத் திறந்தார். வழக்கமாகக் கடகடவென்று வாசிப்பவர், இன்றைக்கு ஒவ்வொரு பெயராக நிறுத்தி வாசித்தார். 'காலஞ்சென்ற' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது. பிறகு நிமிர்ந்தார்.

"இது மூணாவது ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க இப்பச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு போன் வந்துது. ஆப்ஜெக்‌ஷன் இல்ல, டிஸ்ப்யூட்னு அவர் சொன்னார். கல்யாணத்தை வேண்டாம்னு சொல்லல, ஓலையில இருக்கறது உண்மை இல்லன்னு சொன்னார். அவர் இந்தக் கோயில்ல இருந்தா எந்திரிக்கணும்."

மொத்தக் கோயிலும் டெர்வினைத் திரும்பிப் பார்த்தது. அவன் தன் அம்மாவின் கல்யாணத்துக்கு விரோதம் என்று ஊருக்கே தெரியும் அல்லவா? அவன் எழுந்தான். வாயைத் திறந்தான். முக்காட்டுக்குள்ளிருந்து அம்மா அவனைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல பாதர்" என்று உட்கார்ந்துவிட்டான்.

செல்வம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சோபியா அம்மாவின் கையை அழுத்தினாள். பாதர் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அப்போதுதான் பின்னால் பெஞ்சு நகர்ந்தது.

எழுந்து நின்றது ராஜமாணிக்கம்.

"பாதர், போன் பண்ணினது நான் இல்ல. அது யாருன்னும் எனக்குத் தெரியாது. ஆனா எனக்கும் அதேதான் சொல்லணும்."

"ராஜமாணிக்கம், நீ மாப்பிள்ளை" என்றார் பாதர், ஏதோ அவருக்கு அது மறந்துபோன மாதிரி.

"ஆமா பாதர். இந்தக் கல்யாணத்தை எனக்கு மேல ஆசைப்பட்டவன் இந்தக் கோயில்ல கெடையாது. எனக்கு ஆப்ஜெக்‌ஷன் எங்கருந்து வரும்? ரெண்டு நாளா வாயைக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க வாசிச்சதுல ஒரு வார்த்தை தப்பு. அடைக்கலசாமி காலஞ்சென்றவர் இல்ல."

ஒரு குழந்தை அழத் தொடங்கியது, அதன் தாய் வாயைப் பொத்தினாள்.

"வியாழக்கிழமை. ஹேவ்லாக். படகுல எஞ்சினைக் கழட்டி வச்சுக்கிட்டிருக்கேன். பக்கத்துப் படகுலருந்து ஒரு கை ஸ்பேனர் கேட்டு நீண்டுச்சு. மோதிர விரல் பாதிதான் இருந்துச்சு. அந்த விரல் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும் பாதர், என் எஞ்சின்ல மாட்டித்தான் போச்சு. நிமிர்ந்து பாத்தேன். முகத்துல தாடி. 'அடைக்கலம்'னு கூப்பிட்டேன்."

"திரும்பினாரா?" இது டெர்வின். அவன் எழுந்து நின்றிருந்தான்.

"திரும்பினாரு. என்னைப் பாத்து, 'எத்தனாவது ஓலை?'ன்னு கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கல. படகை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"எந்தப் பக்கம் போனாரு?"

ராஜமாணிக்கம் கடல்பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். "இந்தப் பக்கந்தான்" என்றார்.

பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் இருட்டுத்தான் இருந்தது. பாதர் புத்தகத்தை மூடிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

செல்வம்மாள் எழுந்தாள். கத்துவாள், மயங்கி விழுவாள் என்று சோபியா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் நடுப்பாதைக்கு வந்து, ராஜமாணிக்கத்துக்கு நேரே நின்று, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மெலிஞ்சிருந்தாவளா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் ராஜமாணிக்கத்தின் முகம் எப்படிப் போயிற்று என்று என்னால் எழுத முடியாது. பாவம், அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. பட்டறையிலும் வராது, கோயிலிலும் வராது.

"இல்ல செல்வம்மா" என்றார். "நல்லாத்தான் இருந்தாரு."

எட்டு வருஷம் கறுப்பும் வெள்ளையுமாக நின்றவள், பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போதெல்லாம் புருஷன் ஆத்துமாவுக்காக அழுதவள், அப்படியே ராஜமாணிக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முக்காட்டைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"உசுரோட இருக்காவன்னு சொன்னீங்க, தாங்கிக்கிட்டேன். இத மட்டும் நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.